கலாவின் மகள்

2018 கோடையில், லண்டனை ஒட்டிய ஒரு மண்டபத்தில் நண்பனின் தங்கைக்குக் கல்யாண வரவேற்பு. மேடையில் படம் பிடிக்கிற வரிசை குறைந்து, பெரியவர்கள் தட்டுகளோடு சுவரோரம் ஒதுங்கிய நேரமாகப் பார்த்து டிஜே ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டைப் போட்டார். பட்டுச்சேலையும் கோட்டும் போட்ட இளசுகள் எல்லாம் கூச்சல் போட்டுக்கொண்டு நடுவில் குவிந்துவிட்டார்கள். பாட்டு தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல்லவியில் வார்த்தை நின்றுபோய் அந்த இடத்தில் துப்பாக்கி அடுத்தடுத்து வெடிக்கும், தோட்டா ஏற்றுகிற ‘க்ளிக்’ ஒன்று கேட்கும், உடனே கல்லாப்பெட்டி ‘ட்ரிங்’ என்று திறக்கும். அது வரும்போதெல்லாம் அத்தனை பிள்ளைகளும் இரண்டு விரலை நீட்டிக் கூரையைச் சுட்டார்கள். பக்கத்து நாற்காலியில் நண்பனின் அம்மா. நாங்கள் எல்லோரும் அவரை அன்ரி என்றுதான் கூப்பிடுவோம். வடையைப் பிட்டபடியே, “வெடிச்சத்தத்துக்கு ஆடுதுகள், பாருங்கோ தம்பி” என்றார். கோபமெல்லாம் இல்லை. வெளியே தூறுகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்கு நடுவே இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியவர் அவர்.

அவருக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, “இது ஆற்ற பாட்டெண்டு தெரியுமோ? அருளற்ற மகள்” என்றார். எனக்கு ஒரு நிமிடம் திக்கென்றது. நான் தமிழ்நாட்டுக்காரன், என் காதில் அது ‘அருள் அற்ற மகள்’ என்றுதான் விழுந்தது. இந்த வயதிலும் மனுஷர் என்னமாய்ச் சபிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் புரிந்தது, யாழ்ப்பாணப் பேச்சில் ‘அவருடைய’ என்பது ‘அவற்ற’ என்று ஆவதுபோல அருளருடைய என்பது அருளற்ற ஆகியிருக்கிறது. அவர் சொன்னது அருளரின் மகள், அவ்வளவுதான். அன்ரி மட்டும் விடாமல், “ஓம், அந்த விரல் காட்டின பிள்ளை” என்று முடித்துவிட்டு வடைக்குத் திரும்பிவிட்டார்.

அந்த இரண்டு வாக்கியங்களும் வீட்டுக்கு வந்த பிறகும் என்னைவிட்டுப் போகவில்லை. மாயா என்கிற மாதங்கி அருள்பிரகாசம், ஊருலகத்துக்கு எம்.ஐ.ஏ., உலகம் முழுக்கத் தெரிந்த ஒரே தமிழ் ராப்பர் என்று சொன்னால் சண்டைக்கு வருபவர்கள் வரட்டும், எனக்கு அதில் சந்தேகமில்லை. அப்படிப்பட்டவரை நம் ஆட்கள் அடையாளம் சொல்வது இரண்டே விதத்தில்: அப்பா பெயர், இல்லாவிட்டால் ஒருமுறை மேடையில் அவர் காட்டிய நடுவிரல். ஆங்கிலப் பத்திரிகைகளும் அதையேதான் செய்தன என்பதை யோசிக்கும்போது எரிச்சலாக இருந்தது. சரி, நான் மட்டும் என்ன யோக்கியம், நானும் அதே இரண்டை வைத்துத்தானே பத்து வருடமாக அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் பெயர்

எனக்கு மகளைத் தெரியும் முன்பே அப்பாவைத் தெரியும். பழைய புத்தகங்களில் மேய்கிற பழக்கம் உள்ளவர்கள் ‘லங்கா ராணி’ நாவலைக் கேள்விப்பட்டிருப்பார்கள். 1977 கலவரத்தில் கொழும்பை விட்டு விரட்டப்பட்ட தமிழர்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் ஒரு கப்பலின் கதை, எழுதியவர் அருளர். ஈரோஸ் என்ற ஈழப் போராளி அமைப்பின் ஆரம்பகால ஆட்களில் ஒருவர். விடுதலைப் புலிகள் வேறு, ஈரோஸ் வேறு என்பதை இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மேற்கத்தியப் பத்திரிகைகளில் பலருக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. ‘புலியின் மகள்’ என்பது தலைப்புக்கு வசதியான சொல், அதைத் திருத்தச் சொல்லிச் சொல்லியே மாயாவுக்குப் பாதி ஆயுள் போயிருக்கும்.

1975இல் லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்த குழந்தையை ஆறு மாதத்தில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்பா தலைமறைவு. எப்போதாவது வீட்டுக்கு வந்தாலும், பாதுகாப்புக்காக, யாரோ சொந்தக்காரர் என்றுதான் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்து வைப்பார்களாம். பிள்ளை வாய்தவறி வெளியே உளறிவிட்டால் ஆபத்தல்லவா. இடையில் கொஞ்சகாலம் மெட்ராஸ், மறுபடி யாழ்ப்பாணம், 1986இல் அம்மாவும் மூன்று பிள்ளைகளுமாக அகதிகளாக லண்டன். ஆக, அருளர் அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயராக மட்டுமே இருந்தவர். 2005இல் முதல் ஆல்பத்துக்கு அவர் ‘அருளர்’ என்று பெயர் வைத்தது அப்பாவைக் கொண்டாடுவதற்காக அல்ல என்று நான் இப்போது நினைக்கிறேன். அப்பா எங்கேயாவது இணையத்தில் தன் பெயரைத் தேடினால் மகளின் பாட்டு வந்து நிற்கட்டும் என்றுதான் வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதாவது அது காணாமல்போனவரைத் தேடி ஒட்டிய சுவரொட்டி. எம்.ஐ.ஏ. என்ற பெயரும் அப்படித்தானே. போரில் காணாமல்போனவர்களைப் பட்டாளத்தில் குறிக்கிற அந்த மூன்றெழுத்தையே (மிஸ்ஸிங் இன் ஆக்ஷன்), லண்டனில் தான் இருந்த ஆக்டன் பகுதியையும் சேர்த்துச் சிலேடையாக்கி வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் தெரிந்தும் நான் அவரை முழுசாக நம்பவில்லை என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்து வயதில் தப்பி வந்துவிட்டவர், பளபள உடையில், ஸ்டென்சிலில் புலியும் தென்னை மரமும் அடித்துக்கொண்டு, அங்கேயே மாட்டிக்கொண்டவர்களின் துக்கத்தை இசையில் தாளித்து விற்கிறார் என்று ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது. இதைச் சிலரிடம் வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் அந்த வெடிச்சத்தம் கேட்டபோதுகூட முதலில் அதுதான் தோன்றியது.

சுவருக்கு அந்தப் பக்கம்

தென் லண்டனில் மிச்சம் பகுதியில் ஃபிப்ஸ் பிரிட்ஜ் என்றொரு அரசுக் குடியிருப்பு. அகதிக் குடும்பத்துக்கு அங்கேதான் வீடு. வந்த புதிதில் ஆங்கிலமும் சரியாக வராது. வீட்டில் இருந்த ரேடியோவை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள், அதனால் இரவில் பக்கத்து வீட்டுப் பையன் போடும் பாட்டைச் சுவர் வழியாகக் கேட்க ஆரம்பித்ததாக மாயா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்படித்தான் ஹிப்ஹாப் அறிமுகம். எனக்கு அவருடைய கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். சுவர் வழியாகக் கேட்டால் பாட்டு எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். வார்த்தை தெளிவாக வராது, மெட்டும் பாதிதான் வரும், அடித்தாளம் மட்டும் செங்கல்லைத் தாண்டி நெஞ்சில் வந்து இடிக்கும். ‘கலாங்’ பாட்டை அதற்குப் பிறகு ஒருமுறை போட்டுப் பாருங்கள், சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்ட ஒருத்தி திரும்பப் பாடினால் இப்படித்தான் இருக்கும். வார்த்தைகள் பாதி அர்த்தம், பாதி சத்தம்.

நேராக இசைக்கும் வரவில்லை. சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் கலை, சினிமா படித்தார். ஆசையெல்லாம் ஆவணப்படம் எடுப்பதில். எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்துகொடுத்து, அவர்களுடைய அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கக் கேமராவோடு கூடவே போனார். அந்தப் பயணத்தில் அவர்களுக்கு முன்னால் மேடையேறிய பீச்சஸ் என்ற பாடகி, ரோலண்ட் எம்.சி. 505 என்கிற ஒரு பெட்டியைக் காட்டி, இதை வைத்துக்கொண்டு நீயே பாட்டுப் பண்ணலாமே என்று தூண்டிவிட்டார். தாளம், பேஸ், மெட்டு எல்லாம் அந்த ஒரே பெட்டியில். கிடார் வாசிக்கத் தெரிய வேண்டாம், ராகம் தெரிய வேண்டாம், பொத்தானை அமுக்கத் தெரிந்தால் போதும். 2003இல் ‘கலாங்’ வெறும் 500 இசைத்தட்டுகளாக வெளிவந்தது. இரண்டு வருடத்தில் முதல் ஆல்பம், அதற்கு பிரிட்டனின் மெர்க்குரி இசை விருதுப் பரிந்துரை. இந்த ஏறுமுகத்தை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் நிற்க விரும்புவது அடுத்த ஆல்பத்தில்.

வெட்டுத்துணி மூட்டை

2007இல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் பெயர் ‘கலா’. அம்மாவின் பெயர். முதலில் அமெரிக்காவில் பெரிய தயாரிப்பாளரோடு உட்கார்ந்து செய்வதாகத்தான் திட்டம், விசா கிடைக்காமல் இழுத்தடித்தார்கள். சரி போ என்று மாயா ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று எங்கெங்கோ பதிவுசெய்து கொண்டுவந்தார். சென்னையில் உறுமிக்காரர்களைக் கூட்டி வாசிக்க வைத்தார். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ இரண்டிலும் கேட்பது அந்த உறுமிதான். தோலில் குச்சியைத் தேய்த்து இழுக்கும்போது வருமே ஒரு முனகல், அது லண்டன் கிளப்புகளின் ஸ்பீக்கரில் வந்தபோது வெள்ளைக்காரர்கள் ஏதோ புது எந்திரம் என்று நினைத்திருப்பார்கள். ஆல்பத்தின் முதல் பாட்டு ‘பாம்பூ பாங்கா’வில் ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ வந்து போகும். ராஜாவின் அந்தத் தாளத்தை முதல்முறை அங்கே கேட்டபோது நான் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பார்த்தேன், யாரோ பின்னால் டேப் போடுகிறார்கள் என்று. ‘ஜிம்மி’ பாட்டு பழைய ‘டிஸ்கோ டான்சர்’ இந்திப் படத்திலிருந்து வந்தது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டின் அடியில் ஓடும் அந்தக் கிடார், கிளாஷ் குழுவின் 1982 பாட்டிலிருந்து எடுத்தது.

இதை ஹிப்ஹாப்காரர்கள் சாம்பிளிங் என்பார்கள், புதிதில்லை, அந்தக் கலையே அப்படிப் பிறந்ததுதான். ஆனால் மற்றவர்கள் எடுத்ததற்கும் இவர் எடுத்ததற்கும் ஒரு வித்தியாசம் உண்டு என்பது எனக்கு அன்ரி வீட்டில்தான் உறைத்தது. அன்ரிக்கு வீட்டிலேயே தையல் வேலை. கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, ரவிக்கை தைப்பது. மெஷின் பக்கத்தில் ஒரு பெரிய பை இருக்கும், அது நிறைய வெட்டுத்துணி. ஒரு துண்டைக்கூட எறிய மாட்டார். ஒருநாள் அதிலிருந்து ஏழெட்டுத் துண்டுகளை எடுத்துப் போட்டு ஒரு தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். பட்டுச்சேலையின் கரை, யாரோ ஒருவருடைய ஜீன்ஸின் கணுக்கால், ஒரு பள்ளிச் சீருடை. நிறம் ஒட்டுகிறதா என்று அவர் பார்க்கவே இல்லை. எந்தத் துணி எதோடு சேர்த்துத் தைத்தால் இழுக்காமல் நிற்கும் என்று விரலால் நீவி நீவித்தான் பார்த்தார். பட்டும் ஜீன்ஸும் சேராது, நடுவில் பருத்தி ஒன்று வேண்டும் என்றார்.

அன்று ரயிலில் திரும்பும்போது ‘கலா’ கேட்டேன். உறுமி, இந்தி டிஸ்கோ, பங்க் கிடார், எல்லாம் கண்டபடி கிடப்பதாக அதுவரை நினைத்திருந்தேன். இப்போது தையல் தெரிந்தது. நடுவில் எங்கே பருத்தி வைத்திருக்கிறார் என்பதும் தெரிந்தது: அந்தச் சுருதியில்லாத, வாயைச் சரியாகத் திறக்காத, ஒரே மாதிரிப் போகிற குரல். ராப்பில் அவரைவிட வேகமாக, சிக்கலாகச் சொல்லடுக்குகிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு. அவருடைய வரிகளை எழுதிவைத்துப் படித்தால் சில இடங்களில் ஒன்றுமே இருக்காது, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் குரல் பட்டையும் ஜீன்ஸையும் பிடித்து வைத்துக்கொள்கிறது.

அப்பா பெயரிலேயே மாட்டிக்கொண்டு நின்ற எனக்கு இது தெரியாமலே போயிருந்தது. ஒரு விஷயம் சொல்கிறேன், கொஞ்சம் விலகல்தான். மாதங்கி என்ற பெயர் நமக்குக் கச்சேரியிலும் கோயிலிலும் பழக்கமானது, வீணை வைத்திருக்கும் பச்சை நிறத் தேவி, மதுரை மீனாட்சியே அவள்தான் என்பார்கள். அதே மாதங்கிக்கு இன்னொரு வடிவம் உண்டு, உச்சிஷ்ட மாதங்கி. மற்ற தெய்வத்துக்கெல்லாம் எச்சில் படக்கூடாது, இவளுக்குப் படைப்பதே எச்சில், மீந்தது. 2013 ஆல்பத்துக்கு மாயா தன் சொந்தப் பெயரான ‘மாதங்கி’யை வைத்தபோது இந்தத் தேவியைப் பற்றி நிறையப் பேசினார், நான் அப்போது அதை விளம்பரம் என்று தள்ளிவிட்டேன். மீந்ததை எடுத்துச் செய்கிற ஒருத்திக்கு அதைவிடப் பொருத்தமான குலதெய்வம் கிடைக்குமா என்ன.

விரலும் வறுவலும்

விரலுக்கு வருவோம். அதற்கு முன்னால் 2009. ‘பேப்பர் பிளேன்ஸ்’ முந்தைய ஆண்டில் அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம்வரை ஏறி, கிராமியில் ஆண்டின் சிறந்த பதிவுக்கான பரிந்துரை வாங்கியிருந்தது. ரஹ்மானோடு செய்த ‘ஓ... சாயா’வுக்கு ஆஸ்கர் பரிந்துரை. பிப்ரவரி 8, கிராமி மேடை. நிறைமாத வயிறு, குழந்தை பிறக்க வேண்டிய நாளே அதுதான், ஜே-சி, கான்யே, லில் வெய்ன், டி.ஐ. நான்கு பேருக்கும் நடுவில் ஆடிக்கொண்டு நிற்கிறார். அவர்கள் பாடிய பாட்டோ மாயாவின் பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தைத்தது. கிளாஷின் துணி மாயாவிடம், மாயாவின் துணி கான்யேவிடம். சில நாளில் மகன் பிறந்தான். அதே பிப்ரவரியில் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நான் எழுதப் போவதில்லை. கிடைத்த ஒவ்வொரு அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் அதைப் பற்றி அவர் பேசினார், எதிரில் இருந்தவர்களுக்கு இலங்கை வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்றே தெரியாத நிலையில். அந்த மாதங்களில் வேறெந்தப் பிரபலம் நமக்காக அங்கே வாயைத் திறந்தார் என்று யோசித்தால், என் பழைய நினைப்புக்கு முகம் சிவக்கிறது.

அடுத்த வருடம் ஒரு பெரிய நியூயார்க் பத்திரிகை அவரைப் பற்றி நீளமாக எழுதியது. ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே, டிரஃபிள் எண்ணெய் மணக்கும் உருளைக்கிழங்கு வறுவலைச் சாப்பிட்டார் என்ற ஒரே வரியில் ஆளையே போலி என்று ஆக்கியது. மாயா தன் பங்குக்குப் பதிவு செய்து வைத்திருந்த ஒலித்துண்டை வெளியிட்டார். அந்த வறுவலை வாங்கலாம் என்று பேச்செடுத்ததே பேட்டி எடுத்தவர்தான். ஒரு தட்டு கிழங்கு வறுவலுக்கு இவ்வளவு அரசியல் இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நானும் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா நான் சொன்னேனே என்று நாலு பேருக்கு அனுப்பியவன். ஒலித்துண்டு வந்தபோது யாருக்கும் அனுப்பவில்லை.

2012 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளை, மடோனாவோடு மேடை, பத்துக் கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவிரல். கால்பந்து லீக் மொத்தம் 1.66 கோடி டாலர் கேட்டு விரட்டியது, 2014இல் வெளியே சொல்லாத ஏதோ சமரசத்தில் முடிந்தது. அதைப் பெரிய புரட்சி என்றும் நான் சொல்ல மாட்டேன், ஒரு நொடிக் கிறுக்கு. ஆனால் கேட்ட தொகையைப் பாருங்கள். ஒரு நொடி, ஒரு விரல், அன்ரிக்கு அவரைத் தெரிந்த ஒரே அடையாளம்.

அவர் எல்லாவற்றிலும் சரி என்றும் சொல்ல வரவில்லை. 2020இல் கொரோனா தொடங்கிய நேரத்தில் தடுப்பூசிக்கு எதிராக அவர் எழுதியது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, அதனால் ஒரு பெரிய ஃபேஷன் இதழின் பக்கங்களே கைவிட்டுப் போயின. யாரையும் நம்பாதே என்று போரில் கற்றுக்கொண்ட பாடம் சில இடங்களில் காப்பாற்றும், சில இடங்களில் இப்படி முட்டுச்சந்தில் கொண்டுபோய் விடும். விடுங்கள்.

நாடா

2019 ஜூனில் அரசியின் பிறந்தநாள் கௌரவப் பட்டியல் வந்தது. இசைச் சேவைக்காக மாயாவுக்கு எம்.பி.ஈ. பதக்கம். என் முதல் எண்ணம், ஏற்க மாட்டார். பிரிட்டிஷ் பேரரசின் பெயரால் கொடுக்கிற பதக்கம் அது, வாங்க மறுத்தவர்கள் பட்டியல் நீளமானது, மறுத்தால் மாயாவுக்குக் கைதட்டல் நிச்சயம். ஆனால் ஏற்றுக்கொண்டார். ஏன் என்று அவர் எழுதியதைப் படித்தபோதுதான் எனக்குள் எதுவோ இடம்மாறியது. 1986இல் அடைக்கலம் கிடைத்ததும் அம்மா கலா சேர்ந்த வேலை, பதக்கங்களைக் கையால் தைக்கிற வேலை. அரசியின் கையிலிருந்து போகிற இதே பதக்கங்கள். முப்பது வருடத்துக்கு மேல், ஆயிரக்கணக்கில். இங்கிலாந்தில் அந்த வேலையைக் கையால் செய்கிற இரண்டே பெண்களில் அம்மா ஒருவர் என்று எழுதியிருந்தார். தான் என்ன நினைத்தாலும் சரி, அம்மாவுக்கு அந்த வேலையில் பெருமை உண்டு, அதனால் வாங்கிக்கொள்கிறேன் என்பது சாரம்.

இதை நான் இரண்டு மூன்று முறை படித்தேன். மகள் உலகமெல்லாம் போய் அப்பாவின் பெயரால் திட்டு வாங்கிக்கொண்டிருந்த அத்தனை வருடமும், அம்மா ஒரு மேசையில் குனிந்து உட்கார்ந்து, யாரோ ஒரு தளபதிக்கும் யாரோ ஒரு தலைமையாசிரியைக்கும் நாடாவில் ஊசி கோத்துக்கொண்டிருந்திருக்கிறார். அகதியாக உள்ளே விட்ட ராஜ்ஜியத்தின் மரியாதையெல்லாம் அந்த விரல்கள் வழியாகத்தான் போயிருக்கிறது. மகள் காட்டிய விரலைப் பற்றித்தான் உலகம் பேசியது. ‘கலா’ என்று ஆல்பத்துக்குப் பெயர் வைத்தபோதே, இது அம்மா பட்ட பாட்டைப் பற்றியது என்று மாயா சொல்லிக்கொண்டுதான் இருந்தார். கேட்கிற நாங்கள்தான் துப்பாக்கிச் சத்தத்தில் நின்றுவிட்டோம்.

அந்த டிசம்பரில் அருளர் இறந்துபோனார். அடுத்த மாதம், 2020 ஜனவரியில், மாயா பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போய் இளவரசர் வில்லியம் கையால் பதக்கத்தை வாங்கிக்கொண்டார்.

படங்கள் வந்த வாரத்தில் நான் இரண்டு கால்சட்டையை எடுத்துக்கொண்டு அன்ரி வீட்டுக்குப் போயிருந்தேன், நீளம் குறைக்க. அவர் அளவெடுத்து சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சுவாக்கில், அன்ரி, அந்த விரல் காட்டின பிள்ளைக்கு அரண்மனையில் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். “ம்” என்றார், தலை நிமிரவில்லை. அந்தப் பதக்கத்தைத் தைக்கிற வேலைதான் அவருடைய அம்மாவுக்கு, முப்பது வருடமாக, வந்த நாளிலிருந்து, என்றேன். சாக்கட்டி நின்றது.

“ஆர், கலாவோ அந்த மனுசிக்குப் பேர்?”

ஆமாம் என்றேன். கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, மாயாவின் முகத்தைத் தாண்டி, உடையைத் தாண்டி, நெஞ்சில் குத்தியிருந்த பதக்கத்தில் இரண்டு விரலை வைத்துப் பெரிதாக்கினார். பெண்களுக்குக் கொடுக்கிற பதக்கத்தில் நாடாவை வில் மாதிரி மடித்து முடிச்சாக வைத்திருப்பார்கள், ரோஜா நிறம், ஓரத்தில் சாம்பல் கோடு. அதையே ரொம்ப நேரம் பார்த்தார். படம் உடைந்து சதுரம் சதுரமாகத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கி, திரும்பச் சின்னதாக்கி, மறுபடி பெரிதாக்கினார்.

“தையல் வெளியில தெரியேல்லைப் பாருங்கோ” என்றார். “நாடா வழுக்கும் தம்பி. மெஷினில ஓடாது, கையாலதான் பிடிக்கோணும். இந்த மடிப்புக்குள்ள ஊசியை விட்டு இங்கால எடுத்திருக்கிறா.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் கால்சட்டையை மறுபடி மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஊசியில் நூல் கோத்தார். முதல் தடவை போகவில்லை, நுனியை வாயில் வைத்து ஈரமாக்கி மறுபடி கோத்தார்.

“ஒண்டுக்கு எவ்வளவு குடுத்திருப்பாங்கள்?”